முட்டுக்கட்டை போடுவதும் ஒரு கலைதான்!



"ஏண்டா, எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுறே?" வீட்டில் அப்பாவிடமோ, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரனிடமோ இந்த வசவை வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? முட்டுக்கட்டை என்றாலே நமக்கு அது கெட்ட வார்த்தை. தானும் செய்யமாட்டான், அடுத்தவனையும் செய்யவிடமாட்டான் என்று பொருள்.

ஆனால் ஒரு நிமிடம் நம்ம திருவரங்குளத்துத் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். போட்டோ பிடிப்பவர்களும் வடத்தைத்தான் பிடிப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையும் கையுமாகக் குனிந்தபடியே ஓடிவரும் நாலைந்து பேரை யார் கவனிக்கிறோம்? தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே மெதுவாக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை! இழுப்பதற்குப் பலம் போதும். நிறுத்துவதற்குப் பலத்தோடு கணக்கும் வேண்டும்.

நான் எழுத வந்தது தேரைப் பற்றி அல்ல, ரோபோவைப் பற்றி. பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டிகளில் எதிரணியைத் தடுத்து ஆடுவதை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்களே, அது சரியா என்பதுதான் கேள்வி. "உனக்கு எதுக்குப்பா இந்த ஆராய்ச்சி?" என்பீர்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

'எருமை' பிறந்த கதை

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ கால்பந்துப் போட்டிக்கு உதவி செய்தோம். ஓர் அணிக்கு இரண்டு ரோபோ. பிள்ளைகள் உண்டியலில் சேர்த்ததும் நாங்கள் டீக்காசை மிச்சம் பிடித்ததும் சேர்ந்து ஒரு ரோபோவுக்குத்தான் நல்ல மோட்டார் வாங்க முடிந்தது. இன்னொன்றுக்கு? காயலான் கடையில் கிடைத்த வைப்பர் மோட்டார் இரண்டு, ஒர்க்ஷாப்பில் மிஞ்சிய ஆங்கிள் துண்டுகள், ஒரு பழைய பேட்டரி. பந்தை அடிக்க அதில் ஒன்றுமே கிடையாது. மெதுவாக நகரும், வழியில் நிற்கும், தள்ளினால் அசையாது. பிள்ளைகளே அதற்கு 'எருமை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த எருமைதான் எங்களை அரையிறுதி வரை கொண்டுபோனது! எங்கள் நல்ல ரோபோ ஒரு கோல் போடும், எருமை நாலு கோலை மறிக்கும். கூட்டத்தில் ஒருவர், "இவனுங்களுக்கு அடிக்கத் தெரியாது, மறிக்கத்தான் தெரியும்" என்று சத்தமாகவே சொன்னார். எங்கள் பையன் முகம் சுண்டிப் போனது. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அரையிறுதியில் எதிரணி ரோபோ சுவரோரம் சிக்கியது. "விடாதே தம்பி, சுவத்தோட சேத்து அமுக்கு!" என்று கத்தியது வேறு யாருமல்ல, நான்தான். அவனும் விடவில்லை. பத்து நொடி, பதினைந்து நொடி... 'கடக்' என்று ஒரு சத்தம். எதிரணி ரோபோவின் ஷாஃப்ட் வளைந்து, கியரில் பல் தெறித்துவிட்டது. நடுவர் விசில் ஊதவில்லை. அமுக்கக்கூடாது என்று அந்தப் போட்டியில் விதியே இல்லை. நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்த அணியிலிருந்த ஒரு சின்னப் பெண், ஒன்பதாவது படிப்பவளாக இருக்கும், தரையில் உட்கார்ந்து தெறித்த பற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அருகில் போனதும் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, இந்த கியர் எங்கண்ணா கிடைக்கும்?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம் என்பதெல்லாம் இப்போது ஞாபகத்தில் இல்லை. அந்தக் கேள்விதான் ஞாபகத்தில் இருக்கிறது.

தடுத்து ஆடியது தப்பா, அல்லது தடுத்த விதம் தப்பா? ஒரு வருஷமாக யோசித்து, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் வயசுப் பிள்ளைகள் அங்கே

பத்தாவது முடித்த கையோடு டிப்ளமோவில் சேர்ந்தபோது நமக்குப் பதினைந்து, பதினாறு வயது. அதே வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் ரோபோ போட்டி 1992-ல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், 28 அணிகளோடு நடந்தது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் கலந்துகொள்கின்றன. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக ஒரு விளையாட்டை அறிவிப்பார்கள். மூன்று மூன்று ரோபோக்கள் சேர்ந்த இரண்டு கூட்டணிகள் களத்தில் மோதும். ஒரு கூட்டணிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம்.

அங்கேயும் இதே சண்டைதான்! "மாசக்கணக்கில் மெனக்கெட்டுப் பந்து எறிகிற ரோபோ செய்தால், ஒன்றுமே செய்யத் தெரியாத ஒரு பெட்டி வந்து குறுக்கே நிற்கிறதே, இது நியாயமா?" என்று ஒரு கட்சி. "எதிரி இல்லாத ஆட்டம் என்ன ஆட்டம்?" என்று இன்னொரு கட்சி.

2013-ல் வட்டத் தட்டுகளை எறியும் விளையாட்டு வந்தது. சில அணிகள் களத்தின் ஒரு கோடியில் நின்றபடியே மறுகோடியிலுள்ள கோலுக்குத் தட்டுகளை எறிந்து தள்ளின. எதிரணிகள் சும்மா இருக்குமா? ரோபோ மேல் உயரமாக ஒரு தடுப்பை நிமிர்த்திக்கொண்டு நேர் எதிரில் போய் நின்றுவிட்டன. எறிந்த தட்டெல்லாம் தடுப்பில் பட்டு விழுந்தது. விலை அதிகமில்லாத ஒரு யோசனை, விலையுயர்ந்த ஓர் இயந்திரத்துக்குப் பதில் சொன்னது!

2015-ல் எதிர்மாறாக ஒன்று செய்து பார்த்தார்கள். பெட்டிகளை அடுக்கும் விளையாட்டு. நடுவில் ஒரு மேடு வைத்து இரண்டு கூட்டணியையும் பிரித்துவிட்டார்கள். யாரும் யாரையும் தொட முடியாது, தடுக்க முடியாது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் பார்த்தவர்களில் பலருக்கு ஆட்டம் சப்பென்று இருந்தது. 2016-ல் கோட்டையைப் பிடிக்கிற விளையாட்டு வந்தபோது ரோபோவும் ரோபோவும் மறுபடி நேருக்கு நேர் வந்தன. தடுப்பே இல்லாவிட்டால் அது போட்டியாக இருக்காது, பொருட்காட்சியாகத்தான் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தகுதிச் சுற்று முடிந்ததும் தரவரிசையில் முன்னால் நிற்கும் அணிகள் தலைமை ஏற்று, தங்களுக்குக் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும். முதலில் நன்றாகக் கோல் போடும் ரோபோக்களை அள்ளிக்கொள்வார்கள். அடுத்த சுற்றில்? அங்கேதான் எருமைகளுக்கு யோகம் அடிக்கிறது. பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும் ஓர் ஏழை அணி, "இவன் ஓட்டுவான், உடைக்கமாட்டான், தப்பாட்டம் ஆடமாட்டான், சொன்ன ஆளை மறிப்பான்" என்று பெயரெடுத்திருந்தால், முதலிடத்து அணியே கூப்பிட்டுக்கொள்ளும். பணம் இல்லாதவனுக்கு மேடையில் ஓர் இடம் கிடைப்பது இந்தத் தடுப்பாட்டத்தால்தான்.

கணக்குப் போடாமல் கட்டை போடாதே

சரி, தடுப்பது நல்லது என்றால் எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கலாமா? கூடாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-ல் ரிமோட்டில் ஓட்டும் பகுதி 2 நிமிடம் 15 நொடி, அதாவது 135 நொடி. எதிரணியின் சிறந்த ரோபோ 15 நொடிக்கு ஒரு கோல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 கோல். நாம் மறித்ததால் அதற்கு 22 நொடி பிடிக்கிறது என்றால், 6 கோல்தான். மூன்று கோல் போச்சு. கோலுக்கு 5 புள்ளி என்றால் எதிரிக்கு 15 புள்ளி நஷ்டம்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். எருமையே கோல் போடப் போயிருந்தால் இரண்டு போட்டிருக்கும், 10 புள்ளி. ஆகவே மறித்ததில் நிகர லாபம் 5. அதுவே நம் ரோபோ நாலு கோல் போடக்கூடியது என்றால்? 20 புள்ளியை விட்டுவிட்டு 15 புள்ளிக்கு மறித்திருக்கிறோம். இது நஷ்டக் கணக்கு! அதே 2024-ல் சாதாரணத் தவறுக்கு எதிரணிக்கு 2 புள்ளி, பெருந்தவறுக்கு 5 புள்ளி. ஆக, ஆத்திரத்தில் ஒரே ஒரு பெருந்தவறு செய்தால், எருமை நின்று சம்பாதித்த அந்த 5 புள்ளியும் ஒரே விசிலில் காலி.

இதிலிருந்து மூன்று பாடம். ஒன்று, எதிரணியில் யார் அதிகம் போடுகிறானோ அவனை மட்டும் மறி. தட்டுத்தடுமாறுகிறவனை மறிப்பது வீண்வேலை. இரண்டு, திறந்த வெளியில் துரத்தாதே. அவன் வந்தே தீரவேண்டிய குறுகலான இடத்தில் போய் நில். மூன்று, முந்தைய ஆட்டங்களில் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான், எங்கே நின்று எறிகிறான் என்று நோட்டுப் போட்டு எழுதி வை. மறிப்பதில் பாதி வேலை களத்துக்கு வெளியே, பேனாவால் நடக்கிறது.

அப்ளைடு மெக்கானிக்ஸ் எதுக்குப் படிச்சோம்?

"மறிக்கிறதுக்கு என்னப்பா படிப்பு, ஒரு இரும்புப் பெட்டி போதுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோபோ எவ்வளவு விசையோடு தள்ள முடியும் என்பதற்கு மேல்வரம்பு உராய்வுக் குணகம் பெருக்கல் எடை. பத்து கிலோ ரோபோ, வழுவழுப்பான பிளாஸ்டிக் சக்கரம், குணகம் 0.3 என்றால் மூன்று கிலோ விசைக்கு மேல் சக்கரம் வழுக்கிச் சுற்றும். அதே ரோபோவுக்கு நல்ல ரப்பர் பிடிமானம் கொடுத்து, குணகம் 0.8 ஆனால் எட்டு கிலோ. மோட்டாரை மாற்றவே வேண்டாம். எருமையின் சக்கரத்தில் நாங்கள் சுற்றியது பழைய சைக்கிள் டியூப்தான்!

பேட்டரியை எவ்வளவு தாழ்வாக வைக்கிறோமோ அவ்வளவு சாயாது. கியர் விகிதத்தைக் கூட்டினால் வேகம் குறையும், முறுக்குவிசை ஏறும். ஆனால் ரொம்பவும் மெதுவாகிவிட்டால் எதிரி நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். அடுத்து, எலக்ட்ரிகல்காரர்கள் கவனிக்க வேண்டியது. தள்ளிக்கொண்டே அசையாமல் நின்றால் மோட்டார் ஸ்டால் ஆகும். சுழற்சி நின்றால் பேக் இ.எம்.எஃப். இல்லை, மின்னோட்டம் பல மடங்கு ஏறும். பேட்டரி வோல்டேஜ் இறங்கும், வைண்டிங் சூடாகும், கன்ட்ரோலர் ரீசெட் ஆகும். முட்டிமோதி நின்றே ஜெயிக்கலாம் என்பவன் பாதி ஆட்டத்தில் புகை விடுவான். தொட்டு நிறுத்து, விலகு, மறுபடி குறுக்கே போ. அதுதான் கலை.

எல்லை எது?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஃபர்ஸ்ட் போட்டியில் என் 'அமுக்குடா' வித்தை செல்லுபடியாகியிருக்காது. எதிரணி ரோபோவைச் சுவரோடு சேர்த்து நகரவிடாமல் பிடிப்பதற்கு 2024 விதிப்படி 5 நொடிதான் அவகாசம். அதற்குள் விட்டுவிட்டு ஆறடி தள்ளிப் போக வேண்டும். போகாவிட்டால் தண்டப் புள்ளி. வேண்டுமென்றே கவிழ்க்கக்கூடாது. சட்டத்துக்கு உள்ளே கையை நீட்டி எதையும் உடைக்கக்கூடாது. ஒவ்வொரு ரோபோவைச் சுற்றியும் மெத்தென்ற பம்பர் கட்டியிருக்க வேண்டும். மோதலாம், ஆனால் மெத்தைதான் மெத்தையோடு மோத வேண்டும்.

இந்தப் போட்டியை வளர்த்தவர்களில் ஒருவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். 2019-ல் காலமானார். 'கண்ணியமான தொழில்நேர்த்தி' என்ற கருத்தை அங்கே ஊன்றியவர் அவர். களத்தில் விட்டுக்கொடுக்காமல் மோது. களத்துக்கு வெளியே எதிரியின் ரோபோ பழுதென்றால் உன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடு. சாராம்சம் இவ்வளவுதான்.

இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டுமா? நம்ம ஊர் ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் தழுவலாம். வாலைப் பிடித்தாலோ கொம்பைப் பிடித்தாலோ வீரம் என்று யாரும் சொல்வதில்லை. நம்ம கபடியில் பிடிப்பவனுக்கும் பாடிப் போகிறவனுக்குச் சமமான மரியாதை உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிச்சமிருக்கும்போது எதிரியைப் பிடித்தால், புரோ கபடியில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி! ஆள் குறைந்தவன் தடுத்தால் அவனுக்கு அதிக மதிப்பு என்று விதியே சொல்கிறது. வள்ளுவரும் 'அரண்' என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். நம் மாவட்டத்துத் திருமயத்தில் 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. தடுப்பைக் கேவலம் என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. நாம்தான் நினைக்கிறோம்.

நம் கண்ணெதிரே இருக்கும் வாசல்

"பள்ளிப் பிள்ளைகள் கதை நமக்கெதற்கு?" என்று கேட்காதீர்கள். கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கென்றே 2002 முதல் ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் 'ரோபோகான்' நடந்துவருகிறது. 2022-ல் புதுடெல்லியில் நடந்தபோது விளையாட்டு என்ன தெரியுமா? கல்லை அடுக்கிவைத்துப் பந்தால் கலைத்து, எதிரி நம்மைப் பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்குகிற நம்ம தெரு விளையாட்டு! ஓர் அணி அடுக்கும், மற்ற அணி அடுக்கவிடாமல் அடிக்கும். 2025-ல் மங்கோலியாவின் உலான்பாத்தரில் ரோபோ கூடைப்பந்து. அங்கேயும் எதிரணி எறிவதைத் தடுக்காமல் எப்படி ஆடுவது? ஆக, தடுக்கத் தெரியாதவனுக்கு இனி பெரிய களங்களிலும் இடமில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்யும் கல்லூரிகளோடு கோல் போடுவதில் நாம் போட்டியிட முடியாமல் போகலாம். தடுப்பதில் நிச்சயம் முடியும். அதற்கு வேண்டியது லேத்தும் வெல்டிங்கும் பொறுமையும். இவை மூன்றும் டிப்ளமோக்காரனுக்குச் சொந்தச் சொத்து!

மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: நம் தொழில்நுட்ப விழாவில் ரோபோ போட்டி வைத்தால், சுவரோடு அமுக்குவதற்கு 5 நொடிக் கணக்கும் கட்டாய பம்பரும் விதியில் எழுதப்பட வேண்டும். விதி இல்லாத இடத்தில்தான் நல்லவனும் கெட்டுப்போகிறான். நானே சாட்சி.

இரண்டு: அதிக கோலுக்குக் கோப்பை கொடுப்பதைப் போல, ஒரு தண்டப் புள்ளிகூட வாங்காமல் நன்றாகத் தடுத்த அணிக்கும் ஒரு பரிசு வேண்டும். 'முட்டுக்கட்டைப் பரிசு' என்றே பெயர் வைக்கலாம். கேட்டவுடன் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த வருஷம் அதற்கும் அடிதடி நடக்கும்!

மூன்று: மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்ஷாப்பைச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முதல்வர் ஐயாவிடம் பேரவை அனுமதி கேட்க வேண்டும். ஒரு கியர் பல் உடைந்தால் அது எங்கே கிடைக்கும் என்று எந்தத் தங்கையும் தரையில் உட்கார்ந்து கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்குப் பதில் "இங்க வாம்மா, செஞ்சு தர்றோம்" என்பதாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் கடை பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பள்ளிக்கு நாங்கள் நாலு பேரும் ஒரு கியரும் ஷாஃப்டும் வாங்கி அனுப்பினோம். தொகை ரொம்பச் சின்னது. ஆனால் என் டிப்ளமோவில் நான் படித்த பெரிய பாடம் அதுதான்.

நண்பர்களே! தேரை நிறுத்தக் கட்டை போடுகிறவனும் தேரோட்டத்தின் ஓர் அங்கம்தான். தேர் கவிழ வேண்டும் என்று அவன் போடுவதில்லை. தேர் பத்திரமாக நிலைக்கு வந்து சேர வேண்டும் என்றே போடுகிறான். மறிப்போம், நன்றாகவே மறிப்போம். ஆனால் வழியைத்தான் மறிக்க வேண்டும், வருகிறவனை உடைக்கக்கூடாது.

எருமை இன்னும் எங்கள் ஒர்க்ஷாப் மூலையில்தான் நிற்கிறது. இந்த வருஷம் அதற்கு மெத்தென்று ஒரு பம்பர் கட்டியிருக்கிறோம். வந்து பாருங்கள்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை